மறைத்த கணக்கும் விரித்த கணக்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நடனத்திற்கும் நாடகத்திற்கும் இடையே நமக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இருபது நிமிடத்திற்குள் வீட்டின் வரவு செலவையும் நாட்டின் வரவு செலவையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும் என்பது செயற்குழுவின் ஆணை. வரவு சிறிது, செலவு பெரிது என்னும் இக்கட்டு பேச்சாளனுக்கே நேர்ந்துவிட்டது! ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். ஆகவே நாமும் அளந்தே பேசுவோம்.

திருவள்ளுவர் வரவு செலவைப் பற்றிப் பேசிய இடம் எது என்பதை முதற்கண் நினைவூட்ட விரும்புகிறோம். வருவாய் குறைவதைக் காட்டிலும் செலவு மிகுவதே அஞ்சத்தக்கது என்னும் கருத்தை அவர் இல்லறவியலில் வைத்தாரில்லை. பொருட்பாலில், அரசனுக்குரிய பகுதியில், ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். பகைமேல் செல்லும் மன்னன் தன் வலிமையை எண்ணிப் பார்க்கும் இடத்தில் கருவூலத்தையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். எனினும், அது மன்னனுக்குச் சொன்னது, நமக்கன்று என்று எந்தக் குடும்பத் தலைவரும் அதனைத் தள்ளிவிடுவதில்லை. வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும் ஏதோ ஒரு வகையில் உறவுடையவை என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்தே இருந்தது. அந்த உறவு எத்தகையது, எவ்விடத்தில் அது முறிகிறது, எவ்விடத்தில் நமக்குப் பாடமாகிறது என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பின் 112ஆம் பிரிவு, ஒவ்வோராண்டும் அரசாங்கம் தன் வரவு செலவு மதிப்பீட்டை நாடாளுமன்றத்தின் முன் வைத்தாக வேண்டும் என்கிறது. 265ஆம் பிரிவு, சட்டத்தின் துணையின்றி எந்த வரியும் விதிக்கலாகாது என்கிறது. செலவான பிறகு அதனைச் சரிபார்ப்பதற்கென்றே தலைமைக் கணக்குத் தணிக்கையர் இருக்கிறார். இவற்றின் உட்பொருள் யாது? பணம் கொடுப்பவன் கண்ணில் படாமல் பணம் செலவாகக் கூடாது என்பதே. வரவும் செலவும் சமமாக இருந்தே தீர வேண்டும் என்று அரசியலமைப்பு கூறவில்லை. கணக்கு விரித்துக் காட்டப்பட வேண்டும் என்றே கூறுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் படைத்தவர் நம் கோயம்புத்தூர்த் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியார் அவர்கள். ஆகஸ்டு 15 முதல் மறு ஆண்டு மார்ச்சு 31 வரையிலான ஏழரை மாதத்திற்குரிய கணக்கு அது. எதிர்பார்த்த வருவாய் சுமார் 171 கோடி ரூபாய். செலவு சுமார் 197 கோடி. பிரிவினையின் புண் ஆறாத காலம். அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த காலம். உணவுப் பஞ்சம் வேறு. அந்நிலையில் பிறந்த நாட்டின் முதற்கணக்கே பற்றாக்குறைக் கணக்காய் இருந்ததில் வியப்பில்லை. இவ்வளவு வரும், இவ்வளவு போகும், இவ்வளவு குறையும் என்று அவையில் எழுந்து நின்று சொன்னாரன்றோ, அதுவே நாம் போற்றத் தக்கது.

இன்றைய கணக்கு கோடிகளைக் கடந்து இலட்சம் கோடிகளில் போகிறது. கேட்டால் தலை சுற்றும். ஆதலின் அதனை நம் வீட்டு அளவிற்குச் சுருக்கிப் பார்ப்போம். ஓர் இலட்சம் கோடியை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26ஆம் ஆண்டிற்காக 2025 பிப்ரவரி முதல் நாள் நடுவண் அரசு படைத்த மதிப்பீட்டின்படி, இந்தக் குடும்பத்தின் வரவு, மாநிலங்களின் வரிப்பங்கு போக, 34,960 ரூபாய். செலவோ 50,650 ரூபாய். குறையும் 15,690 ரூபாயும் கடன். அதே ஆண்டில் பழைய கடன்களுக்குக் கட்ட வேண்டிய வட்டி மட்டும் 12,760 ரூபாய். அதாவது, கைக்கு வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 36 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போகிறது.

இத்தகைய குடும்பம் ஒன்று நம் காலனியில் இருந்தால் நாம் என்ன சொல்வோம்? “ஐயோ பாவம்! மூழ்கப் போகிறார்கள்” என்போம். அவர்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரமாட்டோம். ஆனால் நாடு மூழ்கவில்லையே! ஏன்?

இங்கேதான் வீடும் நாடும் வேறுபடுகின்றன. ஊழியன் ஒருவன் அறுபது வயதில் ஓய்வு பெறுகிறான். அவன் ஈட்டும் காலத்திற்கு ஓர் எல்லை உண்டு. நாட்டிற்கு ஓய்வு வயது இல்லை. ஊழியன் தன் சம்பளத்தைத் தானே உயர்த்திக்கொள்ள இயலாது. அரசாங்கமோ வரியை உயர்த்தலாம். மேலும், நாட்டின் தொழிலும் வாணிகமும் வளர வளர, உயர்த்தாத வரியும் கூடுதலாக வந்து சேரும். நடுவண் அரசின் கடனில் பெரும்பகுதி அயலாரிடம் பட்ட கடனும் அன்று. நம் வங்கிகளும், ஆயுள் காப்பீட்டு நிறுவனமும், நம்போன்றோரின் சேமநிதிகளுமே அதற்குக் கடன் கொடுத்திருக்கின்றன. ஒரு வகையில் பார்த்தால், கடன் கொடுத்தவர்களும் நாமே. வரி கட்டி அதனை அடைப்பவர்களும் நாமே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வருமானம் குறைந்த காலத்தில் குடும்பம் செலவைச் சுருக்க வேண்டும்; அதுவே அறிவுடைமை. ஆனால் எல்லாக் குடும்பங்களும் ஒரே காலத்தில் சுருக்கினால் கடைகளில் விற்பனை விழும், ஆலைகள் மூடும், மேலும் பலர் வேலை இழப்பர். அவ்வேளையில் அரசாங்கமும் சேர்ந்து கையை இறுக்கினால் துன்பம் இருமடங்காகும். 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது இரயில்களே ஓடாமல் நின்றதை நாம் கண்டோம். அந்த 2020-21ஆம் ஆண்டில் நடுவண் அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9.2 விழுக்காட்டை எட்டியது. அதனை 3 விழுக்காட்டிற்குக் கொண்டுவர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடுதான் நம் நாடு. எனினும் அன்று இலவச அரிசியும் கோதுமையும் வழங்கியிராவிட்டால் எத்தனை அடுப்புகள் அணைந்திருக்கும்! பசித்தவனுக்கு முன் கணக்குப் புத்தகத்தை நீட்ட முடியாது.

ஆகவே, ‘அரசாங்கம் கடன் வாங்குகிறது, நாம் வாங்கினால் என்ன?’ என்று கேட்பதும் பிழை. ‘நாம் வரவுக்குள் செலவு செய்கிறோம், அரசாங்கமும் அப்படியே எக்காலத்தும் செய்ய வேண்டும்’ என்பதும் பிழை.

ஆனால் அரசாங்கத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1991 காட்டியது. 1980களில் பற்றாக்குறை ஆண்டுதோறும் பெருகி, 1990-91இல் மொத்த உற்பத்தியில் 8 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. அதே வேளையில் வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது. அயல்நாட்டுச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்னும் நிலை வந்தது. ரூபாயை நாம் அச்சிடலாம். டாலரை அச்சிட முடியாதன்றோ? அவ்வாண்டு மே மாதத்தில் 20 டன் தங்கத்தை, திரும்ப வாங்கும் உரிமையோடு விற்றார்கள். ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றிச் சென்று, இங்கிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் மைய வங்கிகளிடம் ஈடு வைத்து, சுமார் 40 கோடி டாலர் கடன் பெற்றார்கள்.

தாலிக்கொடியைக் காகிதத்தில் சுற்றி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அடகுக் கடைக்கு நடந்த தாய்மார்களுக்கு அந்த விமானத்தின் பயணம் எத்தகையதென்று நாம் விளக்க வேண்டுவதில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2009 நவம்பரில், இதே நாடு பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை விலைக்கு வாங்கியது என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. விழுந்த குடும்பம் எழ முடியும். ஆனால் விழுவதற்கு முன்பே கணக்கைப் பார்த்திருந்தால் அடகுக்கடை வாசலை மிதித்திருக்க வேண்டாம்.

இனி, நம் பேச்சின் நடுப்பொருளுக்கு வருகிறோம். கண்ணுக்குத் தெரியும் பற்றாக்குறையைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத பற்றாக்குறையே கொடியது. அதற்கு நாட்டுக் கணக்கிலிருந்தே இரண்டு சான்றுகள் கூறுவோம்.

முதற்சான்று உணவு மானியம். ஏழைகளுக்குக் குறைந்த விலையில் தானியம் வழங்குவதால் இந்திய உணவுக் கழகத்திற்கு ஏற்படும் இழப்பை அரசாங்கம் ஈடுகட்ட வேண்டும். சில ஆண்டுகள், அத்தொகையை முழுமையாகக் கொடுக்காமல், சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தையே கடன் வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். செலவு நடந்தது, கடனும் ஏறியது, ஆனால் அரசாங்கத்தின் பற்றாக்குறைக் கணக்கில் அது தோன்றவில்லை. பிறகு, 2021 பிப்ரவரியில் படைத்த வரவு செலவுத் திட்டத்தில் இம்முறையைக் கைவிடுவதாக அறிவித்து, பழைய கடனை அடைப்பதற்கும் வகை செய்தார்கள். அதன் விளைவாகவும், பெருந்தொற்றுக் காலத்து இலவச தானியத்தின் செலவாலும், 2020-21க்கு முதலில் சுமார் 1,15,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில் 4,22,000 கோடிக்கு மேல் உயர்ந்தது. ஒளித்து வைத்ததை வெளியே எடுத்தபோது கணக்கு அவலட்சணமாய்த்தான் தெரிந்தது. ஆனால் அன்றிலிருந்துதான் அது உண்மைக் கணக்காயிற்று.

இரண்டாம் சான்று நமக்குச் சோறிடும் இரயில்வேயைச் சார்ந்தது. 1924 முதல் தனியாக இருந்த இரயில்வே வரவு செலவுத் திட்டம் 2017இல் பொதுத் திட்டத்தோடு இணைந்ததை நாம் அறிவோம். இரயில்வே நூறு ரூபாய் ஈட்டுவதற்கு எவ்வளவு செலவழிக்கிறது என்பதை ‘இயக்க விகிதம்’ என்பார்கள். 2021-22இல் அது 107 ரூபாயைத் தாண்டியது; 2023-24இல் 98 ரூபாய்க்குச் சற்று மேல். 98 என்றவுடன் இரண்டு ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் தண்டவாளமும் பெட்டியும் பாலமும் நாள்தோறும் தேய்கின்றன. அவற்றை மாற்றுவதற்கென ஆண்டுதோறும் தேய்மான நிதிக்குத் தொகை ஒதுக்க வேண்டும். அதற்குப் போதிய தொகை ஒதுக்கப்படுவதில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் தம் அறிக்கைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒதுக்க வேண்டியதை ஒதுக்காவிட்டால் விகிதம் அழகாயிருக்கும், தண்டவாளம் அழகாயிராது.

வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. பல் வலிக்கிறது, மருத்துவரிடம் போகாமல் கிராம்பு வைத்துக் காலம் கடத்துகிறோம். பையனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி அடுத்த மாதம் என்கிறோம். ஊரில் உள்ள வீட்டின் ஓடு ஒழுகுகிறது. அடுத்த விடுமுறையில் பார்க்கலாம் என்கிறோம். மாதக் கடைசியில் கணக்கு ஒட்டிவிடுகிறது. ஆனால் அது சிக்கனமன்று. அது பல்லிடமும் கண்ணிடமும் கூரையிடமும் வாங்கிய கைமாற்று. அவை வட்டியோடு வசூலிக்காமல் விடுவதில்லை.

சம்பளப் பட்டியல்களைத் தயாரிக்கும் நம்போன்ற எழுத்தர்களுக்கு ஒவ்வொரு குடும்பத்தின் பிடித்தங்களும் கண்ணில் படுகின்றன. கூட்டுறவுச் சங்கக் கடன், வீட்டுக் கடன், ஆயுள் காப்பீடு என்று ஒரு பக்கம் நீள்கிறது. கண்ணில் படாதவையும் உண்டு: வட்டிக்காரரிடம் வாங்கியது, சீட்டை முன்னதாக எடுத்துச் செலவழித்தது, கைப்பேசியை இரண்டு முறை தட்டியவுடன் வந்து விழும் புதுவகைக் கடன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றை, பெயர் கூறாமல் சொல்ல உங்கள் இசைவை வேண்டுகிறோம். பணியிலிருந்தபோதே ஒருவர் மாரடைப்பால் காலமானார். நல்ல மனிதர், புகை, மது அறியாதவர். பதின்மூன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் முதல் ஒவ்வொருவராக வீட்டு வாசலில் வந்து நின்றனர். நான்கு இடத்தில் கடன். தாயின் அறுவைச் சிகிச்சைக்கு ஒன்று, தங்கையின் திருமணத்திற்கு ஒன்று, அவற்றின் வட்டியைக் கட்டுவதற்கு மற்ற இரண்டு. ஒரு காசும் தீய வழியில் போகவில்லை. ஆனால் அவருடைய மனைவிக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. கணவருக்குக் கணக்கு எந்த வங்கியில் என்பதே அவ்வம்மையாருக்குத் தெரிந்திருக்கவில்லை. பணிக்கொடையில் பெரும்பகுதி கடனுக்குப் போயிற்று. ஜாமீன் கையெழுத்திட்ட நண்பர்கள் இருவரின் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியது. அவர்களுக்குள் இருந்த பழக்கமும் அதனோடு முறிந்தது.

அப்போது அவ்வம்மையார் கூறிய சொல்லை நாம் மறக்கவில்லை. “சொல்லியிருந்தால் இரண்டு வளையலை அன்றைக்கே கழற்றிக் கொடுத்திருப்பேனே! அவர் தனியாகச் சுமந்து செத்தாரே!” என்றார்கள். கடன் பட்டதற்காக அவர் கணவரைக் கடியவில்லை. தம்மிடம் மறைத்ததற்காகவே கண்ணீர் விட்டார்.

இதனை ஏன் விழா மேடையில் சொல்கிறோம்? சொந்த ஊரில் இருப்பவனுக்கு அண்ணன் தம்பி உண்டு, மாமன் மைத்துனன் உண்டு, ஒரு துண்டு நிலமாவது உண்டு. இரண்டு இரவு இரயிலில் பயணம் செய்து வர வேண்டிய தொலைவில் வாழும் நமக்கு, அவசரத்திற்கு ஓடி வருவது அடுத்த குவார்ட்டர்ஸில் உள்ளவரே. ஆதலின் இங்கே ஒரு குடும்பத்தின் மறைந்த கடன் ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. காலனியின் நட்பையும் சேர்த்து அரிக்கிறது.

அரசாங்கத்திடமிருந்து நாம் கற்க வேண்டியது கடன் வாங்கும் துணிவையன்று. கணக்கை வைக்கும் முறையை. அதற்குச் சில வழிகளைப் பணிவோடு கூறுகிறோம்.

முதலாவது, சம்பளம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வீட்டின் நாடாளுமன்றம் கூடட்டும். கணவனும் மனைவியும் அமர்ந்து, வரவு இன்னது, செலவு இன்னது, கடன் இன்னது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். பத்தாம் வகுப்பிற்கு மேல் படிக்கும் பிள்ளைகளையும் உடன் அமர்த்துங்கள். வீட்டின் நிலை அறிந்த பிள்ளை விலையுயர்ந்த கைப்பேசிக்கு அடம் பிடிப்பதில்லை. அறியாத பிள்ளையே, ‘அப்பாவுக்கு மனமில்லை’ என்று எண்ணுகிறது.

இரண்டாவது, ஊருக்கு அனுப்புவதை மறைக்காதீர்கள். பெற்றோருக்கு அனுப்பும் பணம் பற்றிய பிணக்கு பல வீடுகளில் உண்டு. நடுவண் அரசின் 2025-26ஆம் ஆண்டுச் செலவில், ஒவ்வொரு ரூபாயிலும் 22 பைசா மாநிலங்களின் வரிப்பங்காகப் போகிறது. அது பிச்சையுமன்று, கசிவுமன்று, உரிமைப் பங்கு. ஊரில் உள்ள தாய் தந்தையரின் பங்கும் அவ்வாறே முதல் வரியில் எழுதப்படட்டும். இரு வீட்டுப் பெற்றோருக்கும் என்று எழுதினால் பிணக்குக்கே இடமிராது.

மூன்றாவது, கடனை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முன்னர்க் கூறிய நாட்டுக் குடும்பம் கடனாகப் பெறும் 15,690 ரூபாயில், 5,240 ரூபாய் அன்றாடச் செலவின் குறையை நிரப்பவே போகிறது. எஞ்சியது, சாலையும் இருப்புப்பாதையும் போன்ற நிலைத்த பொருள்களுக்கான மூலதனச் செலவிற்குத் துணையாகிறது. மகளின் படிப்பிற்கும் தலைக்குமேல் கூரைக்கும் பட்ட கடன் ஒருவகை. பிறர் மெச்சப் பட்டுப்புடவைக்கும் பந்தலுக்கும் பட்ட கடன் மற்றொரு வகை. முன்னது பெருகினால் கவனம் தேவை. பின்னது பெருகினால் அச்சமே தேவை.

நான்காவது, தேய்மானத்திற்கு ஒதுக்குங்கள். சிறு தொகையேயாயினும் உடலுக்கும் வீட்டிற்கும் என்று தனியே வைத்து, அதனைப் பண்டிகைக்குத் தொடாதிருங்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது இதுவே.

ஐந்தாவது, ஜாமீன் கையெழுத்தும் ஒரு கடனே. அதனையும் நோட்டில் எழுதி, மனைவிக்குக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். கேட்பவரும், தம் மனைவிக்குத் தெரிந்த கடனுக்கே ஜாமீன் கேட்பது என்று உறுதி கொள்ளட்டும். நண்பருக்கு உதவ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெளிச்சத்தில் உதவுங்கள் என்கிறோம்.

கணக்கைக் காட்டினால் மதிப்புக் குறையுமோ என்னும் அச்சமே நம் ஆடவரைத் தடுக்கிறது. நூற்று நாற்பது கோடி மக்களைக் கொண்ட நாடு, ‘எமக்கு இவ்வளவு குறைகிறது’ என்று ஆண்டுதோறும் உலகறியக் கூறுகிறது. அதனால் அதன் கொடி தாழ்ந்துவிடவில்லை. கட்டிய மனைவியிடம் கூறுவதால் நம் மீசை தாழ்ந்துவிடுமா என்ன?

நம் சங்கத்தின் பொருளாளர் இவ்வாண்டின் வரவு செலவுக் கணக்கை இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார். சென்ற ஆண்டைவிட இருப்புக் குறைவுதான். அதனையும் மறைக்காமல் போட்டிருக்கிறார். படங்களைப் பார்த்து முடித்தவுடன் அப்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். பிறகு அந்த நோட்டை வாங்கி, வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.

நாடகம் தொடங்கட்டும். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!